வரும்போதே வழியனுப்புகிறவர்

அரசு ஆஸ்பத்திரி இருக்கிற ஒவ்வொரு சின்ன ஊரிலும் வழியனுப்பி என்றொரு இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக வந்த டாக்டர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "எப்ப மாத்தல் வாங்கிட்டுப் போறீங்க?" என்று வாய் நிறைய அன்போடு விசாரிப்பவர் எவரோ, அவரேதான்.

இந்த ஊர் வழியனுப்பி ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர். தங்கமான மனிதர். இளம் டாக்டரம்மா வந்து இறங்கியதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் நிறைமாத கர்ப்பிணி. பிரசவம் இங்கேயே நடந்துவிட்டால் அந்த மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு டவுனுக்குப் போகவேண்டாமே! ஆனாலும் ஓடிப்போன டாக்டர்களைப் பார்த்துப் பார்த்து ஆசையை அடக்கக் கற்றவர்.

"குவார்ட்டர்ஸ் குழாயில தண்ணியே வரல, சார்."

"நீங்க இருக்கப்போறதே நாலு நாள். எதுக்கும்மா வீண் செலவு?"

"கதவுல தாழ்ப்பாளும் இல்ல."

"அடுத்த டாக்டர் வரட்டும், சேர்த்துப் பார்த்துக்கலாம்."

"நான் போகமாட்டேன் சார். எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

"எல்லாரும் முதல்ல இப்படித்தாம்மா சொல்லுவாங்க!"

கொடுமை என்னவென்றால், அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.

தலைவர் எவ்வழியோ ஊரும் அவ்வழியே போயிற்று. மளிகைக்கடைக்காரர், "பெரிய பாக்கெட் வேணாம்மா, மிச்சமாயிடும்" என்று சின்னதாகப் பார்த்துக் கொடுத்தார். நர்ஸ் பலகையில் அவள் பெயரைச் சாக்பீஸால் எழுதினார், அழிக்க வசதியாக. மருந்து வாங்க வந்தவர்கள்கூட, "இன்னும் போகலையா டாக்டர்?" என்று ஆச்சரியப்பட்டார்கள். தினமும் இதையே கேட்டால் யாருக்குத்தான் மனசு ஒட்டும்? தாழ்ப்பாளில்லாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கிப் பார்த்தாள். பிறகு போயே போய்விட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல!"

தலைவருக்குத் தலைகால் புரியாத பெருமை. மகளுக்கு வலி எடுக்கும் வரைதான். வாடகைக் காரின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்சீட்டில் அவள் அலற, முன்சீட்டில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த டாக்டரக்காவ ஏம்ப்பா விட்டீங்க?"

தாயும் சேயும் பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

சிரிக்கிறீர்கள், இல்லையா? உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு புது முகத்தைப் பார்த்ததும், 'பாவம், எத்தனை நாள் தாக்குப்பிடிக்குமோ' என்று மனசுக்குள் நீங்கள் உச்சுக்கொட்டியதே இல்லையா? கொட்டியிருந்தால், அந்த வாடகைக் கார்க்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.