மரகதத்தின் பிடரி

ஒரு காட்டில் போலோ சங்கம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் போலோ என்று கேட்காதீர்கள். சிங்கராஜா பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தார், வந்த கையோடு சங்கம் ஆரம்பித்தார், அவ்வளவுதான். குதிரைமேல் உட்கார்ந்து நீள மட்டையால் பந்தை அடிக்கிற ஆட்டம். ஆட்டக் குதிரைகளைத் தின்னக்கூடாது என்று சங்க விதியின் முதல் வரியிலேயே இருந்ததால், குதிரைகளும் ஆர்வமாகச் சேர்ந்தன.

அவற்றைப் பார்த்துக்கொண்டது கழுதையக்கா. நாலு பிள்ளைகளை ஸ்கூல் வேனுக்குக் கிளப்புகிற வீட்டில் காலையில் என்ன நடக்குமோ, லாயத்தில் தினமும் அதுதான் நடந்தது. குளம்பில் அப்பிய சாணியைக் கொக்கியால் சுரண்ட வேண்டும். உடம்பைத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நாலு காலிலும் துணிப்பட்டி சுற்ற வேண்டும். இறுக்கினால் வீங்கும், தளர்த்தினால் அவிழும். வாலைப் பின்னி மடித்துக் கட்ட வேண்டும். முக்கியமாக, பிடரி முடியை ஒட்டச் சிரைக்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டை அதில் சிக்கும். அதற்கப்புறம் பயிற்சி. ஓடு, சட்டென்று நில், திரும்பு, காதோரம் மட்டை வீசினாலும் கண்ணைச் சிமிட்டாதே.

இதிலெல்லாம் முதல் மார்க் வாங்கியவள் மரகதம் என்ற பெண்குதிரை. அதனால் ராஜா அவள் மேல்தான் ஏறுவார். கெட்டிக்காரிகளுக்கு எங்கேயும் இதுதான் பரிசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ராஜா மட்டையைத் தலைக்குமேல் சுழற்றினார். அது அவருடைய பிடரியிலேயே சிக்கியது. இழுத்தார். தலையும் கூடவே வந்தது. கீழே விழுந்தார். மரகதம் நின்ற இடத்திலேயே நின்றாள். காடு முழுக்கப் பார்த்தது. உடனே காடு முழுக்க வேறு பக்கம் பார்த்தது.

மறுநாள் சங்கச் செயலாளர் நரியார் ஒரு படிவத்தோடு லாயத்துக்கு வந்தார்.

"ராஜா விழுந்ததுக்குக் காரணம் என்னம்மா?"

"பிடரி முடியில மட்டை சிக்கிச்சு, சார்," என்றாள் கழுதையக்கா.

"உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம்." எழுதிக்கொண்டார். "குதிரை பேரு?"

"மரகதம். ஆனா சார், முடி அவளோடது இல்ல."

"குதிரை பேருக்குத்தாம்மா இதுல கட்டம் இருக்கு. வேற யார் பேருக்கும் கட்டம் இல்ல. அடுத்தது, குறையை நீக்கியாச்சா? வெள்ளிக்கிழமைக்குள்ள என் கண்ணு முன்னால பிடரியைச் சிரைச்சு, ஒரு கத்தை முடியை இதுல ஒட்டணும்."

"அவ கழுத்தைப் பாருங்க. வழுவழுன்னு இருக்கு. எதைச் சிரைக்கிறது?"

நரியார் பார்த்தார். "அப்ப, குறையை நீக்க முடியாத குதிரைன்னுதான் எழுதணும். அதுங்களுக்குச் சமையல் பிரிவுக்கு மாற்றல். நான் என்னம்மா பண்ணட்டும், விதி."

அவர் போனதும் மரகதம் சொன்னாள்: "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலையே."

"அதுதாண்டி உன் பிரச்சினை."

மரகதம் முடி வளர்க்கப் பார்த்தாள். இரண்டு மடங்கு கொள்ளு தின்றாள். கழுத்து இன்னும் பளபளத்ததே தவிர, ஒரு முடிகூட முளைக்கவில்லை. வியாழக்கிழமை கழுதையக்கா பொறுமையிழந்து, ராஜாவிடமே நேரில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். குகை வாசல்வரை போனாள். உள்ளே ராஜா பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார். வாசலில், போன மாதம் நேரில் உண்மை சொல்ல வந்த மானின் கொம்பு மாட்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு கூடை தேங்காய் நாரும் பலாப் பிசினும் எடுத்துவந்தாள்.

வெள்ளிக்கிழமை மரகதத்துக்கு முழங்கால்வரை பிடரி தொங்கியது. நரியார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"தேங்காய் வாசனை வருதேம்மா."

"எண்ணெய் தேச்சேன், சார்."

சிரைத்தார்கள். ஒரு கத்தையைப் படிவத்தில் ஒட்டி, 'குறை நீக்கப்பட்டது' என்று நரியார் முத்திரை குத்தினார். மரகதம் நாலு நாளுக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜா மறுபடி விழுந்தார்.

இந்த முறை யாரும் பதறவில்லை. வியாழன் ஒட்டுவது, வெள்ளி சிரைப்பது என்று அதுவும் லாயத்து வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மற்ற குதிரைகளும் வரிசையில் வந்து நின்றன. "எனக்கும் கொஞ்சம் வைங்கக்கா, எதுக்கும் இருக்கட்டும்."

ஆண்டு விழாவில் மரகதத்துக்கு முதல் பரிசு. இருபத்தாறு தடவை திருந்தியவள் என்று நரியார் படித்துக்காட்ட, ராஜாவே எழுந்து கைதட்டினார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்குதிரை நின்றிருந்தான். அவன் மேல் ராஜா ஏறியதுமில்லை, விழுந்ததுமில்லை. "எனக்கெல்லாம் நார் வேண்டாங்க்கா, நான் ஒழுங்கா இருக்கேன்" என்று சொல்லிவிட்டிருந்தான். அவன் கோப்பில் ஒரு கத்தை முடிகூட இல்லை. ஒரு தடவையாவது திருந்தாத குதிரையை எப்படி நம்புவது என்று சமையல் பிரிவில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீதி: செய்யாத தப்பை என்றைக்காவது திருத்திக்கொள்ள வேண்டிவரும். வீட்டில் எப்போதும் கொஞ்சம் தேங்காய் நார் இருக்கட்டும்.