மல்லாட்டைக் கத்தி

பட்டனைத் தொட்டதும் கத்தி ‘டக்’கென்று வெளியே பாய்ந்தது. ராஜாமணி பயத்தில் கையை உதற, அது தவிட்டு மூட்டையில் போய்க் குத்தி நின்றது.

மகனின் பையில் தண்ணீர் பாட்டில் வைக்கத்தான் கையை விட்டார். பாலித்தீன் கவருக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது தட்டுப்பட்டது. பையன் எதையும் பத்திரமாக வைப்பான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேதான் பிரித்தார்.

மணிமாறன் வெளியே குளித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு விழுப்புரத்தில் அவனுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. இதற்காக வருடக்கணக்காக இருட்டோடு எழுந்து ஏரிக்கரையில் ஓடிப் பழகியவன். இன்றைக்கும் ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் வந்திருந்தான். மைதான வாசலில் பையைச் சோதிப்பார்கள். போலீஸாகப் போகிறவன் பையில் பட்டன் கத்தி இருந்தால் வேலை போனது போனதுதான்.

ஏன் வைத்திருக்கிறான்? கேட்டுவிடலாம். கேட்டால் பையன் பதறுவான், பதறினால் ஓட்டம் கெட்டுவிடும். ராஜாமணி கேட்கவில்லை. கத்தியை மடக்கித் தன் அண்டர்வேர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் இந்த ஒரு முடிவுதான்.

மகன் சிநேகிதன் வண்டியில் கிளம்பிப் போனதும் ஏரியில் எறிந்துவிடலாம் என்று போனார். கரை மேல் போலீஸ் ஜீப் நின்றது. முந்தாநாள் அங்கே எவனோ செத்துக் கிடந்தான். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று அவர் ஊரான வல்லத்து டீக்கடைகள் எல்லாம் தீர்ப்புச் சொல்லி முடித்த சங்கதி. போலீஸுக்கு அது போதவில்லை போலிருக்கிறது. ராஜாமணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

கத்தியில் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. துருப்பிடித்த பட்டன் கத்தி ரவுடி கத்தி மாதிரி இருக்கிறது, பளபளவென்று இருந்தால் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார்.

“இன்னாங்க காலங்காத்தால கத்தி தேச்சிக்கினு கீறீங்க?” என்றாள் மனைவி அம்சவள்ளி.

“மல்லாட்டைக்கு.”

“மல்லாட்டையப் புடுங்குவாங்க. கத்தி இன்னாத்துக்கு?”

“உனுக்குத் தெரியாது, போ.”

அவளுக்குத்தான் தெரியும். ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தா அரங்கநாதன் அவருக்குத் தூரத்துப் பங்காளி. கோர்ட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவரைத் தனியாக இழுத்துப்போய், வேட்டி மடியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார் ராஜாமணி.

“இத வச்சிருந்தா தப்பாண்ணா?”

அரங்கநாதன் கத்தியைச் சாண் போட்டுப் பார்த்தார். “ஒம்பது இஞ்சுக்கு மேல நீளமிருந்தா, ரெண்டு இஞ்சுக்கு மேல அகலமிருந்தா லைசன்ஸ் கேப்பான். வெவசாயத்துக்கு, சமையலுக்குன்னு செஞ்சதுன்னா அதுகூட வேணாம்.”

“இது சாண்கூட இல்லியே.”

“நீளத்த வுடு. இந்த பட்டன் கீது பாரு, அதான் பேஜாரு. தட்டினா பாயுற கத்திய மடியில வச்சிக்கினு எந்த வயல்ல நீ களை எடுத்த? சில ஊர்ல பட்டன் கத்தின்னாலே தனியா கேஸு. நம்ம ஊர்ல எப்படின்னு வக்கீல் ஐயா வந்தாத்தான் கேக்கணும். அதுக்குள்ள எவனும் பாத்துடாம இரு.”

“பட்டன் இல்லன்னா?”

“பட்டன் இல்லன்னா வெறும் கத்தி.”

அப்போது செல்போன் அடித்தது. மணிமாறன். ராஜாமணி அதைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எடுத்தால் கத்தியைப் பற்றித்தான் கேட்பான். போனில் பேசுவதையெல்லாம் போலீஸ் ஒட்டுக் கேட்கும் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி கட். மூன்றாவது முறை ஆஃப் பண்ணிச் சட்டைப் பையில் போட்டார்.

“ஒண்ணு கேக்குறேண்ணா. கேஸ் பையன் பேர்ல இல்லாம அப்பன் பேர்ல இருந்தா?”

“பையன் பேரு சுத்தமா இருந்தா பாத்துக்கலாம். ஏன்டா கேக்குற?” என்றார் அரங்கநாதன். ராஜாமணி அதற்குள் தெருவைக் கடந்திருந்தார்.

பூட்டு ரிப்பேர்காரர் கத்தியை வாங்கி, கேள்வி எதுவும் கேட்காமல் குறடால் பட்டனைப் பிடுங்கினார். உள்ளேயிருந்து ஸ்பிரிங் பறந்து எதிர்க்கடை வாளியில் விழுந்தது. கத்தி திறந்துகொண்டது.

“இந்தாங்க. இனிமே பாயாது.”

“மூட மாட்டேங்குதே?”

“மூடணும்னா பட்டன் வேணும்லங்க.”

இதுவரை மூடிய கத்தியோடு அலைந்தவர், இப்போது திறந்த கத்தியோடு அலைந்தார். தலைத்துண்டை அவிழ்த்து அதில் சுற்றிக் கக்கத்தில் வைத்தால் விலாவில் குத்தியது. இதை வைத்துக்கொண்டு விழுப்புரம் மைதானத்துக்குப் போய் மகன் ஓடுவதைப் பார்க்க முடியாது. எப்படியாவது தொலைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழக் கூடைக்குப் பின்னால் குப்பை குவிந்திருந்தது. ராஜாமணி பழம் விலை கேட்பதுபோல் குனிந்து, துண்டை உதறினார். கத்தி குப்பைக்குள் போனது. ஓடிப்போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக மூச்சு வந்தது.

உலகத்தில் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

“யோவ் பெரியவரே! வேட்டி கட்டிக்கினு ஏறினவரே! உங்க கத்திய உட்டுட்டீங்க!” கொய்யாப்பழம் விற்கும் பூமாலை, நகர்ந்த பஸ்ஸோடு கூடவே ஓடி வந்தாள். திறந்த கத்தி அவள் கையில் வெயிலில் மின்னியது. பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஜன்னல் வழியாக அதை அவர் மடியில் போட்டுவிட்டு, “பத்திரமா வச்சிக்கோங்க!” என்று மூச்சு வாங்கச் சிரித்தாள்.

“மல்லாட்டைக்கு…” என்றார் ராஜாமணி, யாரும் கேட்காமலே.

பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் டிக்கெட்டை எட்ட நின்று நீட்டினார், அப்புறம் முன்னால் போய் டிரைவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வல்லத்தாண்ட ஏரியில செத்தான்ல, அவன் குடிச்சிட்டு வுழலியாம். குத்திப் போட்டிருக்கானுங்களாம். நேத்துதான் ஆஸ்பத்திரில சொன்னாங்களாம்.”

“இன்னாத்துல குத்துனாங்களாம்?”

“சின்ன கத்தியாம். கத்தி மட்டும் கெடைக்கல.”

ராஜாமணிக்கு மடியிலிருந்த கத்தி கனத்தது. இருட்டில் ஏரிக்கரையில் ஓடுகிறவன் மணிமாறன் ஒருத்தன்தான். கவருக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். அது துருவா? அவர் தன் விரல் நகங்களைப் பார்த்தார். புளிக்கறையும் சாம்பலும் இருந்தன. காலையில் தேய்த்தபோது தண்ணீர் சிவப்பாக ஓடியதா, பழுப்பாக ஓடியதா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரௌபதி அம்மன் கோயில் தீமிதி காட்டியது நினைவு வந்தது. கூட்டத்தில் ஒரு கோழியை அறுத்ததற்கே அவன் அழுதான். அப்படிப்பட்ட பிள்ளை. ராஜாமணி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், செய்ய வேண்டியது என்ன என்று தெளிவாகத் தெரிந்தது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போலீஸ் காத்திருந்தது. அவர் தானாகவே இறங்கிப் போய்க் கத்தியை நீட்டினார்.

ஸ்டேஷனில் ஊர், பெயர், பிள்ளை பெயர் எல்லாம் முடிந்து சப்-இன்ஸ்பெக்டர் மேலே கேட்கக் கேட்க, ரைட்டர் அமலா எழுதிக்கொண்டே போனாள்.

“கத்தி யாருது?”

“என்னுதுங்க.”

“எப்பலேர்ந்து?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்துங்க.”

“இன்னாத்துக்கு?”

“மல்லாட்டைக்குங்க.”

“மல்லாட்டையப் புடுங்குவாங்களா, குத்துவாங்களா?”

வீட்டில் கேட்ட அதே கேள்வி. 

“இதுல கறை இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. நான்தான் புளி போட்டுத் தேச்சிட்டேன்.”

“பட்டனு?”

“புடுங்கிட்டேன்.”

“தூக்கிப் போடப் பாத்தியா?”

“ரெண்டு வாட்டிங்க. மொதல்ல ஏரியில, அப்பறம் திண்டிவனத்துல.”

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். இத்தனை ஒழுங்காகப் பதில் சொல்லும் ஆளை அவர் பார்த்ததில்லை.

“ஏரியில செத்தவன உனுக்குத் தெரியுமா?”

 மைதானத்தில் இந்நேரம் மணிமாறன் ஓட நின்றுகொண்டிருப்பான். விசில் ஊதியிருப்பார்கள். ஓடட்டும்.

“எல்லாம் நான்தாங்க. எழுதிக்கோங்க. எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவன் இந்தக் கத்தியக் கண்ணாலகூடப் பாத்ததில்ல.”

அமலாவின் பேனா நின்றது. அவள் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு தன் செல்போனை எடுத்துத் திரையை ராஜாமணி பக்கம் திருப்பினாள். ஏரிக்கரைப் புல்லில், பட்டனோடும் கறையோடும், அதே கத்தி கிடந்தது.

“பெரியவரே, விடியக்காலைல இதக் கண்டெடுத்து, ஓட்டத்துக்கு விழுப்புரம் வரும்போது இந்த ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறேன்னு போட்டோ அனுப்பினதே உங்க புள்ளதாங்க. கத்தி யாருதுன்னுதான் எங்களுக்கு இவ்ளோ நேரமா தெரியாம இருந்துச்சு.”