கஞ்சாச் செடிக்குச் சாமத்தியவீடு

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் சனிக்கிழமை காலையில் மக்கள் வரிசையில் நிற்பது இரண்டே இடங்களில். ஒன்று பேக்கரி. மற்றது, மூடிப்போன ஒரு சோலாரியம். வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து உடம்பைக் கறுப்பாக்கிக்கொண்டு போன கடை அது. இப்போது எங்கள் தமிழ் ஆட்கள் அதே வாசலில் நிற்கிறார்கள், காசு கொடுத்து மூளையை வெளுப்பதற்கு.

உள்ளே செடிச்சாமி இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஆனந்தராசா. முன்பு வாஸ்து பார்த்தார். வாடகை வீட்டின் கதவை இடம் மாற்றினால் வீட்டுக்காரன் வழக்குப் போடுவான் என்பதால் அந்தத் தொழில் படுத்தது. பிறகு ஆண்பிள்ளை வரம் கொடுத்தார். ஸ்கேன் பார்த்த டொக்டர் முந்திக்கொண்டதால் அதுவும் படுத்தது. அந்த நேரம் பார்த்து ஜெர்மன் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வளர்ந்த ஆள் ஒருவர் தன் வீட்டில், தன் தேவைக்கு, மூன்று கஞ்சாச் செடி வளர்க்கலாம். சட்டம் வந்தது, சாமிக்கு ஞானமும் வந்தது.

என்ன ஞானம் என்று விளங்க, செடியைக் கொஞ்சம் விளங்கவேண்டும். பப்பாசி மாதிரி, கஞ்சாவிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வலிக்கு உதவும் பிசின் சேர்வது பெண் செடியின் பூவில். அதுவும் மகரந்தம் படாத பூவில். பட்டுவிட்டால் அவள் பிசினை மறந்து விதை கட்டத் தொடங்கிவிடுவாள். ஆண் செடியிடம் இருப்பது மகரந்தம் மட்டும். ஆகவே வீட்டில் மருந்துக்கு வளர்ப்பவருக்குப் பெண்தான் வேண்டும். இத்தனை காலம் கோயில் கோயிலாக ஆண் பிள்ளை கேட்ட கூட்டம், முதல் முறையாக, "சாமி, எனக்குப் பொம்பிளைப்பிள்ளை வேணும்" என்று அழுதது. செடிக்குத்தான்.

"மூண்டும் பொம்பிளை அக்கா! மூண்டும்!" என்று வரிசையில் நின்று கூவிக்கொண்டிருந்தாள் சுலோஜனா. ஒற்றைத் தலைவலிக்காரி. சாமிக்குச் சம்பளம் இல்லாத விளம்பரப் பலகை. "எனக்கு மட்டுமில்லை, ஆருக்கும் இன்னும் ஒரு ஆண் வரேல்லை. அது அவரின்ர மந்திரம்."

பக்கத்தில் நின்ற நடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரக்குக் கிடங்கில் வேலை செய்தபோது அவருடைய இடது காலில் சரக்கு அடுக்கிய மரத்தட்டு ஒன்று விழுந்தது. எலும்பு பொருந்தியது. நரம்பு பொருந்தவில்லை. போர்வை உரசினாலே நெருப்புப் பட்டதுபோலத் துள்ளுவார். டொக்டர் கொடுத்த நரம்புக் குளிசை பாதி வலியைக் குறைத்தது. மீதிக்குக் கஞ்சாப் பூ உதவுமா என்று கேட்டபோது டொக்டர், "சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. வலிச் சிகிச்சை நிலையத்தில் போய்ச் சந்திக்க ஒரு நாளுக்கு டெர்மின் போட்டுத் தருகிறேன், அவர்களோடு பேசிச் செய்வோம். குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றார்.

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்கு எந்த ஊரில் கூட்டம் சேர்ந்தது?

சாமி பேசியது வேறு. "என்ர கையால தாற அருள் விதைதான் நடவேணும். வீட்டுக்கு வந்து பெண்ணாக்கும் பூசை செய்வன். மாதவிலக்கான பொம்பிளையள் கிட்டப் போகப்படாது. முக்கியமா, குளிசை குடிக்கிற ஆளின்ர மூச்சுப் பட்டாப் பிள்ளை ஆணாப் போயிடும். பூ கைக்கு வருமட்டும் குளிசையை விடும். டெர்மினையும் விடும்."

நடேசன் இரண்டையும் விட்டார். வெற்றிலையில் சுற்றிய மூன்று விதையோடும் முழுதாகத் திரும்பி வந்த வலியோடும் வீடு வந்து சேர்ந்தார்.

அவருடைய மனைவி அம்பிகா நகரத்து ட்ராம் ஓட்டுகிறவள். முன்னால் தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் வண்டியை நகர்த்துவது அவளுக்குப் பழக்கமில்லை.

"இஞ்சருங்கோ, ஒரு குளிசையைப் போடுங்கோவன். முகமெல்லாம் வேர்க்குது."

"ஏலாது. பிள்ளையள் ஆணாப் போயிடும்."

"நீங்களே ஆம்பிளைதானே. உங்கட மூச்சுப் பட்டா மட்டும் ஒண்டும் ஆகாதோ?"

"நீர் சாமியோட விளையாடாதையும்."

"சரி, விளையாடேல்லை. மூண்டிலை ஒண்டு ஆணா வந்தா?"

"வராது."

"வந்தா?"

நடேசன் காலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "வந்தா, அந்த நிமிஷமே குளிசை போடுறன். டெர்மினுக்கும் போறன். காணுமோ?"

"காணும், அது போதும்," என்றாள் அம்பிகா. ஒரு மனிதனின் வாயைத் திறந்து குளிசையைப் போட முடியாது. மூளையைத் திறந்துதான் போடவேண்டும்.

அன்று ட்ராம் ஓய்வு நேரத்தில் விதை விற்கும் கடைகளின் இணையப் பக்கங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கடையிலும் இரண்டு பகுதி இருந்தது. ஒன்றில் சாதாரண விதை: முளைப்பது ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம், காசு சுண்டிப் பார்ப்பதுபோல. மற்றதில் 'பெண்ணாக்கிய விதை': அநேகமாக எல்லாமே பெண்.

எப்படி? இது அழகான வேலை. ஒரு பெண் செடிக்கு வெள்ளிக் கரைசல் தெளித்தால் அவள் தடுமாறி, தானே மகரந்தப் பைகளை விடுவாள். ஆனால் அந்த மகரந்தம் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. ஆணாக்கும் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், அதில் கிடையாது. அதை இன்னொரு பெண் செடியின் பூவில் தூவினால் வரும் விதைகள் அநேகமாக எல்லாமே பெண்ணாகத்தான் இருக்கும். இதில் மந்திரம் இல்லை, மாதவிலக்குப் பயம் இல்லை. செய்கிறவன் காலையில் குளித்தானா என்று செடி விசாரிப்பதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அம்பிகாவும் சோலாரியத்துக்குப் போனாள்.

"சாமி, நான் கடையில சாதாரண விதை வாங்கித்தாறன். அதுக்கு மந்திரம் போடுவியளோ?"

சாமி கண்ணை மூடினார். சாமிமார் கண்ணை மூடுவது யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக. "கடை விதையில மந்திரம் ஏறாது அம்மா."

"பெரிய மந்திரம் எண்டினம். ஒரு மிளகளவு விதையில ஏறேலாதோ?"

"வரிசை நிக்குது அம்மா," என்றார் சாமி.

அம்பிகா வீடு வந்தாள். வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்த்து, அருள் விதை மூன்றையும் எடுத்துவிட்டு, தான் வாங்கிய சாதாரண விதை மூன்றை வைத்துக் கட்டினாள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், வரி போட்ட சின்ன உருண்டை. பேதம் கண்டால் ஞானக்கண் காணட்டும்.

வெள்ளிக்கிழமை சாமி வந்தார். பொட்டலத்தை நெற்றியில் வைத்தார், மார்பில் வைத்தார், மந்திரம் சொன்னார். கடைசியில், "தெரியுது! மூண்டு கன்னியர்! நடுவில நிக்கிறவளுக்கு நீட்டுத் தலைமயிர்!" என்றார். நடேசன் ஒற்றைக் காலில் நின்று கும்பிட்டார். மற்றக் காலை ஊன்ற முடியவில்லை.

அந்த மூன்றும் வரவேற்பறையில், உள்ளே விளக்கும் காற்றாடியும் வைத்த துணிக் கூடாரத்தில் வளர்ந்தன. சாமியின் உண்மையான அருள் விதை மூன்றும், அம்பிகாவின் பங்குக்கு உரிய செடிகளாக, படுக்கையறையில் அதே மாதிரிக் கூடாரத்தில் வளர்ந்தன. அதே மண், அதே விளக்கு. மந்திரம் மட்டும் கிடையாது. ஆட்டுக்கறி தின்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மாதவிலக்கு நாளிலும் ஊற்றினாள். சாமி சொன்ன ஒவ்வொரு பாவத்தையும் கவனமாகச் செய்தாள்.

"உம்மட கடைச்செடிக்கு மீசை முளைக்கப்போகுது," என்று, அவை கடை விதை என நம்பிய நடேசன் சிரித்தார். சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது.

இந்தச் செடி இலை விடுவது நீண்ட பகலில். பூப்பது நீண்ட இருட்டில். இரவு நீண்டால் இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று நம்பி, அவசரமாகப் பூக்கும். வீட்டுக்குள் அதற்குத் தானாக அணைந்து எரியும் விளக்குப் போதும். பன்னிரண்டு மணிநேர இருட்டு என்று திருப்பிவிட்டால், அறையில் கோடையானாலும் செடிக்குள் புரட்டாசி. அம்பிகா இரண்டு கூடாரத்தையும் ஒரே நாளில் திருப்பினாள்.

பூசை பெற்ற செடிகளில் இரண்டு முந்திக்கொண்டன. கணுக்களில் சின்னச் சின்ன உருண்டைகள் கொத்தாகத் தொங்கின. நடேசன் படம் எடுத்துச் சாமிக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"நடேசன், வாழ்த்துகள்! பிள்ளை பெரியாளாயிட்டாள்! ரெண்டு கிழமையில நல்ல நாள் இருக்கு. சாமத்தியவீடு வைக்கவேணும்."

இந்த இடத்தில் சாமிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலாம். தொங்கியவை ஆணின் மகரந்தப் பைகள். பெண்ணென்றால் வெள்ளை மயிர்போல இழைகள் நீட்டியிருக்கும். ஆனால் பாவம், பெண்ணாக்கிய விதையை மட்டுமே வாங்கி விற்ற சாமி தன் வாழ்நாளில் ஓர் ஆண் செடியைக் கண்டதில்லை. அம்பிகா கண்டுகொண்டாள், ஆனால் தான் சொன்னால் நடேசன் நம்பமாட்டார் என்று தெரிந்து விழாநாள்வரை காத்திருந்தாள்.

விழா வீட்டிலேயே ஏற்பாடானது. செடி வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது ஜெர்மன் சட்டம். வயதுக்கு வந்த பெண் வெளியே போகக்கூடாது என்பது நம் சட்டம். சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு சட்டமும் கைகுலுக்கின. சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி இல்லை.

இரண்டறை வீட்டில் கூட்டம் முட்டியது. மாடிப்படி முழுக்கச் செருப்பு. நடுச்செடிக்குச் சிவப்புப் பட்டு கட்டியிருந்தார்கள். சட்டிக்கு ஒட்டியாணம். மாதாமாதம் பெண்ணைத் தள்ளி உட்காரவைக்கச் சொன்ன சாமி, செடியின் முதல் மாதத்துக்கு மேளம் வாசிக்கச் சொன்னார். தாய்மாமன் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைக்கவேண்டுமே? கொலோனிலிருந்து வந்த அம்பிகாவின் தம்பி கோகுலைப் பிடித்தார்கள்.

"அக்கா, நான் இதுக்கு என்ன முறை?" என்று அவன் காதோடு கேட்டான்.

"மாமன்தான். பேசாமல் வை," என்றாள் அம்பிகா. அவள் படுக்கையறைக் கதவை மூடி, அடியில் ஈரத் துவாயை அடைத்து, அதன்முன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மேல் மாடிக்காரன் கிறிஸ்ரியனும் வந்திருந்தான். அவனும் மூன்று செடி வளர்க்கிறவன். "இன்றைக்கு உன் யன்னல்களைச் சாத்திவிட்டு வா" என்று அம்பிகா காலையிலேயே சொல்லியிருந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு, கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தலோடு ஒரு மூலையில் நின்றான். ஈரம் பட்டால் மகரந்தம் செத்துவிடும். வந்தவர்கள் அதைத் தீர்த்தம் என்று நினைத்து ஆளாளுக்குத் தலையை நீட்டினார்கள்.

ஆலாத்தித் தட்டில் கற்பூரம் எரிந்தது. கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பக்தி தெரியாது. காது கிழியக் கத்தியது.

"புகையை விரட்டுங்கோ!" என்று சுலோஜனா ஓடிப்போய்ப் பெரிய காற்றாடியை முழு வேகத்தில் திருப்பினாள்.

பட்டுச் சேலை படபடத்தது. செடி ஆடியது. அதிலிருந்து புகைபோல மஞ்சள் தூள் கிளம்பிச் சாமியின் தாடியில் படிந்தது.

"மஞ்சள்! பிள்ளை மஞ்சள் சொரியிறாள்!"

கூட்டம் விழுந்து கும்பிட்டது. தூளைத் தொட்டு நெற்றியில் பூசியது. சாமி கையைத் தூக்கினார். "கண்டியளோ? அம்மன் வந்திட்டா!"

கிறிஸ்ரியன் பாய்ந்துவந்து காற்றாடியை நிறுத்தி, சாமியின் தாடிக்கு விசுக்கு விசுக்கென்று தண்ணீர் அடித்தான். பிறகு ஜெர்மனில் கேட்டான்: "அம்பிகா, மன்னிக்கவேண்டும். ஆண் செடிக்கு ஏன் பெண் உடுப்பு?"

விழுந்து கும்பிட்டவர்கள் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். புகைக் கருவிகூட நின்றுவிட்டது.

"என்னவாம்?" என்றாள் சுலோஜனா.

"ஆம்பிளைக்கு ஏன் சேலை கட்டினியள் எண்டு கேக்கிறான். அது மஞ்சளில்லை சுலோக்கா, ஆண் செடியின்ர மகரந்தம்," என்றாள் அம்பிகா. அவசரமாகப் பலர் நெற்றியைத் துடைத்தார்கள்.

சாமி அசரவில்லை. "பெண்ணாப் பிறந்தது ஆணா மாறியிருக்கு! இது அதைவிடப் பெரிய அற்புதம்!"

"அப்ப சாமி," சுலோஜனாவின் கண் விரிந்தது, "என்ர மருமகளுக்கும் ஒரு ஆண்பிள்ளை..."

"பொறுங்கோ அக்கா," என்றாள் அம்பிகா. "சாமி, இதில மூண்டு செடி நிக்குது. எல்லாம் ஆணில்லை. ஒண்டு பெண். சின்னப் பரீட்சைதான். எது எண்டு கையை வையுங்கோ."

சாமி கண்ணை மூடினார். மந்திரம் சொன்னார். அதிக நேரம் சொன்னார். பிறகு இடப்பக்கச் செடியைத் தொட்டார். அதுவும் மஞ்சள் தூளைக் கொட்டியது. கிறிஸ்ரியன் அதற்கும் தண்ணீர் அடித்தான்.

"பொட்டலத்துக்குள்ள நான் சாதாரண விதையை மாத்தி வைச்சனான்," என்றாள் அம்பிகா. "ஞானக்கண்ணுக்கு அதுவும் தெரியேல்லை. மந்திரம் போட்டதில ரெண்டு ஆண். சாமி தந்த விதையை மந்திரமில்லாமல், ஆட்டுக்கறி திண்ட கையோட நான் வளர்த்தன். என்ன வந்திருக்கு எண்டு பாக்கவேணுமோ? கதவைத் திறக்கேலாது, தூள் உள்ள போயிடும். பல்கனியால போய் யன்னலுக்குள்ளால பாருங்கோ."

கூட்டம் பல்கனியில் வரிசை கட்டியது. சாமத்தியவீடு, பெண் பார்க்கும் வைபவமாக முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால், திறந்திருந்த கூடாரத்தில், வெள்ளை இழைகளை நீட்டிக்கொண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். மந்திரம் ஒன்றும் இல்லாமலே.

"எந்தக் கடையிலும் வாங்கலாம். பெண்ணாக்கிய விதை என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும்," என்றான் கிறிஸ்ரியன். அம்பிகா அதைத் தமிழில் சொன்னபோது சுலோஜனா திரும்பிச் சாமியைத் தேடினாள். சாமி மாடிப்படியில், நூறு செருப்புக்குள் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆனந்தராசா! நில்லும்!" என்று அவள் இறங்கி ஓடினாள். அன்றுதான் முதல் தடவையாக அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னாள்.

நடேசன் மட்டும் யன்னலை விட்டு நகரவில்லை. இத்தனை கிழமை பல்லைக் கடித்துத் தாங்கிய வலி எதற்காக என்று கணக்குப் பார்க்கிறவர்போல நின்றார்.

"அம்பிகா."

"ஓம்."

"அந்தக் குளிசையை எடுத்துக்கொண்டு வாரும். மெல்ல. காலில ஆரும் மிதிச்சுப் போடாதையுங்கோ."

"டெர்மின்?"

"திங்கக்கிழமை போன் பண்ணுறன். குளிசையை விட்டிருந்தன் எண்டதையும், இந்தப் பூவைப் பற்றியும் டொக்டரிட்டை நானே சொல்லுறன்."

அம்பிகா குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். பெரியபிள்ளையான செடிக்கு வைத்திருந்த பயித்தம் பணியாரத்தையும் ஒன்று கொடுத்தாள். பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். சேலை என்ன பாவம் செய்தது?

சோலாரியத்தின் வாசலில் இப்போது வரிசை இல்லை. அடுத்த சாமி வரும்வரை இருக்காது. வருகிறவர் எந்தச் செடியோடு வருவாரோ தெரியாது. இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: கஞ்சாச் செடி பூக்க இருட்டு வேண்டும். சாமியார்கள் பூக்கவும் அதுவேதான் வேண்டும். செடியைப் பன்னிரண்டு மணிநேரம் இருட்டில் வையுங்கள், தப்பில்லை. மூளையை ஒரு நிமிடமும் வைக்காதீர்கள்.