எத்தனை ஓம்?

சேர்வராயன் மலையில் ஓம் என்ற சொல்லை மிக அதிகமாக உச்சரிப்பவர் ஒரு கிறிஸ்தவர். கோயில் பூசாரிகள் அத்தனை பேரையும் கூட்டிக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்றால் உயிர். ஸ்பீக்கரின் மின்தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள்: நான்கு ஓம், ஆறு ஓம், எட்டு ஓம். இவர் யாரைப் பார்த்தாலும் சுகம் விசாரிப்பதற்கு முன், "உங்க ஸ்பீக்கர் எத்தனை ஓமுங்க?" என்பார். சாவு வீட்டுக்கு வந்தாலும் முதலில் மைக் செட்காரரிடம்தான் போவார். ஊரார் ஓங்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போதகரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டாராம்.

எனக்கு அவர் தேவைப்பட்டது என் மனைவிக்காக. காது மந்தமாகி, அவள் மெஷின் வைத்துக்கொண்டாள். பேச்சுக்குச் சரி, பாட்டு மட்டும் அதில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருந்ததாம். பெரிய ஸ்பீக்கர் இரண்டு வாங்கி, வீட்டிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி வைத்தேன்.

"ஒரே இரைச்சலுங்க. நிறுத்திருங்க. இனி எனக்குப் பாட்டு எதுக்கு?" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கலாம் என்றால் அதிலும் கவலை. அதன் சக்தி, அதாவது வாட்ஸ், குறைந்தால் கேட்காது. கூடினால் ஜன்னல் கண்ணாடி என்ன ஆகும்? ஓங்காரருக்குச் சொல்லியனுப்பினேன்.

வந்தவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பவே இல்லை. அறை நடுவில் நின்று கைதட்டினார். பிறகு மூலைக்கு மூலை போய்த் தட்டினார்.

"ஊட்டோட குரலைக் கேக்கறனுங்க" என்றார். ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்ததும் அவருக்குப் பரவசம் வந்துவிட்டது. எட்டு ஓம், எட்டு ஓம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மறுபடியும் கைதட்டினார்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் தலைக்குக் குளித்து, தட்டில் வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார்.

"ஏனுங்க, பஜனைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. நூத்தியெட்டு ஓம் முடிஞ்சுதுங்களா?"

"எட்டுதானுங்க அம்மணி. நூத்தியெட்டு வெச்சா சத்தமே வராது" என்றார் ஓங்காரர், ஒரு பழத்தை உரித்தபடி. அந்த அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஓங்காரர் தன்னுடைய ஆம்ப்ளிஃபயரையே பஸ்ஸில் கொண்டுவந்தார். அரிசி மூட்டைக் கனம். அதை ஜன்னலோரம் உட்காரவைத்து, மப்ளரும் சுற்றியிருந்தார். கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், "அதுக்குக் குளுரு ஆகாதுங்க" என்றாராம்.

"இருநூறு வாட்ஸா? ஓடு பறந்துவிடாதா?" என்று நான் பதறினேன்.

"குப்பனூர் வழியா மலையேறியிருக்கீங்கல்ல? சின்ன எஞ்சின் வளைவுக்கு வளைவு அலறும். பெரிய எஞ்சின் பேசாம ஏறும். அம்மாவுக்குக் கேக்கற அளவுக்கு வெச்சா உங்க சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சு முட்டுது. அதுதான் இரைச்சல். வாட்ஸ் கத்தறதுக்கு இல்லீங்க, கத்தாம இருக்கறதுக்கு."

"இருந்தாலும் கண்ணாடி..."

"நீங்க செத்த வெளிய நில்லுங்க. உங்க கவலை நொம்ப இரைச்சலா இருக்குது."

என் வீட்டிலிருந்து என்னை வெளியேற்றிவிட்டார். வாசலில் நின்று ஜன்னல் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கியது. சத்தம் பெரிதாகத்தான் இருந்தது; ஆனால் யாரும் கத்துவதுபோல் இல்லை. எட்டிப் பார்த்தேன். என் மனைவி காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, இதுல கடம் வாசிக்கறாங்க. எனக்குக் கேக்குது. மறுக்கா மொதல்ல இருந்து போடச் சொல்லுங்க."

ஓங்காரர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. சரியாகவே இருந்த ஒரு வயரைக் குனிந்து நெடுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதே மாதிரி ஒன்றை நாங்களும் வாங்கினோம். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஓங்காரர் வந்து, அதன் மேல் கைவைத்துச் சூடு பார்த்துவிட்டு, இவளோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார். "புது ஆம்ப்ளிஃபயர் பழக ஆறு மாசம் ஆகுமுங்க. அதுவரைக்கும் நான் வந்து பாக்கோணும்" என்பது அவர் கட்சி.

ஆறு மாதம் முடிந்து எத்தனை ஞாயிறு ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லமாட்டேன்.