தேங்காயெண்ணெய் குடித்த துவக்கு

பயந்தவனுக்குப் பொழுதுபோக்கே இருக்கக் கூடாது. இருந்தாலும் முத்திரை சேர்ப்பதோடு நிற்கவேண்டும். நான் துவக்கு வாங்கினேன், வேட்டைத் துப்பாக்கி. (அடுத்த வீட்டில் பலூன் வெடித்தாலே கட்டிலுக்கடியில் போகிற ஆள்!)

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஒஸ்லோவில் என்னோடு பேக்கரியில் வேலை செய்த ஓலா, தன் வேட்டைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டான். நோர்வேக்காரன் ஒருவன் என்னைத் தன் ஆட்களோடு சேர்க்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வேட்டைக்காரருக்கான பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தேன். பாஸ். பொலிஸ் அனுமதியும் வந்தது. மிச்சம் சுடும் சோதனை. அதில் தவறினால் எல்க் மான் வேட்டையும் இல்லை, ஓலாவின் குழுவும் இல்லை.

பக்கத்துத் திராமன் நகரில் ஒரு கிழவரிடம் பழைய பம்ப் துவக்கு வாங்கினேன். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினால் அடுத்த குண்டு ஏறும். அதுவோ துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. துருவைச் சுரண்டினேன், கட்டையைத் தேய்த்து மினுக்கினேன். எண்ணெய் போடும்போதுதான் பயம் பிடித்தது. கடைத் துவக்கெண்ணெய் சூட்டில் பற்றிக்கொண்டால்?

"என்ரை தேங்காயெண்ணெயை ஏனப்பா எடுக்கிறியள்?" என்றாள் மனைவி வசந்தி.

"இது சுத்தமான சாமான். தலைக்கே வைக்கிறம், துவக்குக்கு என்ன செய்யப்போகுது?"

ஹீட்டரை முழுதாகத் திருப்பி வீட்டை யாழ்ப்பாணமாக வைத்திருப்பவள் அவள். அந்த வெக்கையில் முன்கட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது.

சோதனை நாள், செப்டம்பர்க் காலைக் குளிர். முதல் வெடி இலக்கில் பட்டது. அடுத்த குண்டுக்கு இழுத்தேன். அசையவில்லை. முக்கினேன், முனகினேன். வரிசையில் நின்ற குழு முழுக்கப் பார்த்தது. வெடித்துச் சிதறப்போகிறது என்று நினைத்து துவக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். (சரணடைந்தவன் மாதிரி.)

ஓலா குண்டுகளைக் கழற்றினான். உள்ளே வெள்ளையாக மெழுகுபோல உறைந்திருந்தது. மணந்து பார்த்தான்.

"டேய், இதென்ன கேக்கோ? என்னத்தைப் பூசினனி?" (அவன் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.)

"தேங்காயெண்ணெய்."

ஹீட்டர் இல்லாத குளியலறையில் உறைந்து கிடக்கும் அந்தப் போத்தலை, குளிர்காலம் முழுக்கச் சுடுதண்ணீரில் உருக்கித்தான் தலைக்கு வைப்பேன். அது ஏன் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை?

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓலா துவக்கைத் தன் காருக்குள் கொண்டுபோய் ஹீட்டரை முழுதாகப் போட்டான். ஒவ்வொருவராக உள்ளே ஏறி, கண்ணாடியைச் சாத்திக்கொண்டு, எண்ணெய் உருகும்வரை என்னோடு இருந்தார்கள். ஒருவர் தன் கோப்பியை எனக்கு ஊற்றித் தந்தார். துடைத்து, நல்ல எண்ணெய் போட்டு, திரும்பச் சுட்டேன். பாஸ்.

இப்போதும் வீட்டில் எல்க் இறைச்சிக் கறி வைக்கும் நாளில் விருந்தாளிகள் யாராவது, "தேங்காய்ப்பால் விட்டதோ?" என்று கேட்டால், வசந்தி வாய் திறக்கமுதலே மகள் சொல்லிவிடுவாள்:

"தேவையில்லை அன்ரி. அப்பா சுட்டது."