நடுவரின் கண்ணழுத்தம் பதினாறு

அன்பும் அடக்கமும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் இரண்டு கண்கள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் சுகந்தானே. நாலு வருஷமாக நீ ஏன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று நம் இருவருக்கும் தெரியும், அன்றைக்கு மைதானத்தில் இருந்த எண்ணூறு பேருக்கும் தெரியும். கடைசி நிமிஷத்தில் நீ உதைத்த பந்து கோல் கோட்டைத் தாண்டவில்லை என்று நடுவராகிய நான் சொன்னேன். "அத்தான், உங்களுக்குக் கண்ணு தெரியலை"ன்னு நீ சொன்னாய். அந்தக் கண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் முழுசாகப் படி.

மூன்று மாதம் முன்னால், படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று உன் அக்கா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு மெஷினில் மோவாயை வைக்கச் சொல்லி, சொல்லாமல் கொள்ளாமல் கண்ணில் புஸ்ஸென்று காற்றை ஊதினார்கள். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் மஞ்சள் அட்டையைத் தேடியது, அட்டை வீட்டில் இருந்ததால் நர்ஸம்மா தப்பித்தார். "இருபத்தெட்டு"ன்னார். நல்ல ஸ்கோர்தானே என்றேன். இல்லையாம், இருபத்தொன்றைத் தாண்டினாலே கவலையாம். கண்ணுக்குள்ளே ஊறுகிற தண்ணீர் வெளியேறும் வழி வாஷ்பேசின் மாதிரி அடைத்துக்கொண்டதாம், அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்குமாம், வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னுமாம், பேரு கிளாக்கோமா. விசில் போய்விடுமே என்றுதான் முதலில் நினைத்தேன், அப்புறந்தான் உன் அக்கா முகம் ஞாபகம் வந்தது. இதை அவளிடம் சொல்லாதே.

சொட்டு மருந்து கொடுத்தார்கள். போடுவது உன் அக்கா. ஒரு சொட்டு காதில், ஒரு சொட்டு மூக்கில், கண்ணில் விழுந்த ஒரே சொட்டு எரித்த எரிச்சலில் கண் சிவந்து, நான் குடிக்க ஆரம்பித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "லேசர் பண்ணிடலாம், கத்தி கிடையாது, தையல் கிடையாது, கட்டு கிடையாது, ஒரு கண்ணுக்கு அஞ்சே நிமிஷம்" என்றார். நான் கூடுதல் நேரமே அதைவிட அதிகமாகக் கொடுப்பேன். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்மேல் ஒரு சின்ன லென்ஸை வைத்து, பச்சைப் பச்சையாக மின்னல் விட்டார். "அசையாதீங்க"ன்னார். பந்து காதோரம் பறந்தாலும் அசையாதவனிடம் சொல்கிற பேச்சா இது. மின்னல் நூறு என்று நான் எண்ணினேன், அவர் நூற்றிரண்டு என்றார், நடுவர் தீர்ப்பே இறுதி என்று சொல்லிவிட்டு நானே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் மறு கண்.

ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தேன். நேற்று மறுபடி ஊதினார்கள். பதினாறு. இரண்டு கண்ணும் பதினாறு. காத்திருக்கும் அறையை ஒரு சுற்று ஓடி வந்தேன், உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள், உன் அக்கா மட்டும் என்னைத் தெரியாதவள் மாதிரி சுவரைப் பார்த்தாள். அப்புறம் வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த ஒரு மெஷினுக்குள் முகத்தை விட்டு, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வந்த காகிதத்தில் ஒரு மூலை கருப்பாக இருந்தது. பிரிண்டரில் மை கசிந்திருக்கும்.

ஆகவே மச்சான், என் கண் சுத்தம். அன்றைக்கு எனக்கு இடது பக்கம் இருந்த கோட்டுக்கு அப்பால் பந்து இல்லை, வெறும் பச்சைப் புல்தான் இருந்தது, இந்தக் கண்ணால் பார்த்தேன். நாளைக்கு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நீ ஆடுகிற இறுதி ஆட்டத்துக்கு நான்தான் விசில் ஊதப்போகிறேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து நீ மன்னிப்புக் கேட்கலாம், கதவு திறந்தே இருக்கும்.

உன்னையும் உன் முழங்காலையும் மனதார வாழ்த்தும்,
பதினாறு பாயிண்ட் அத்தான்.

பி.கு.: கவரை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டே சர்டிபிகேட் வாங்கப் போனேன். அது மை இல்லையாம் மச்சான். இரண்டு கண்ணிலும் இடது ஓரம் போய் அஞ்சாறு வருஷமாவது இருக்குமாம். இனிமேல் போகாமல் லேசர் காப்பாற்றும், போனது திரும்பாதாம். "எனக்கு அங்கே கருப்பாவே தெரியலையே" என்றேன். "தெரியாதுங்க. சுத்தி என்ன இருக்கோ அதை வச்சே மூளை அந்த இடத்தை நிரப்பிடும்" என்றார். "சுத்தி புல் இருந்தா?" என்று கேட்டேன். "புல்லை வச்சு நிரப்பும்" என்றார். சர்டிபிகேட் கேட்காமலே எழுந்து வந்து, விசிலை நடுவர் சங்கத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். பதினாறு பதினாறுதான், அதில் மாற்றமில்லை. மிச்சமிருக்கிற கண்ணோடு ஞாயிற்றுக்கிழமை கேலரியில் உட்கார்ந்து உன் ஆட்டத்தைப் பார்ப்பேன். முடிந்ததும் என்னிடம் வலது பக்கமாக வா, இடது பக்கம் வந்தால் நீயும் புல்லாகத்தான் தெரிவாய். நாலு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். அது கோல்தான் மச்சான்.