நாற்பது பேருக்கு நல்ல நேரம்

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் வேலைக்கு வந்ததும் சாதாரண கழித்தலில் கவிழ்வான். சாட்சி வேண்டுமென்றால் நானே இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திருமழிசையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு நான். (பிரிவில் ஒரே ஆள்.) புது சர்வர் வந்து இறங்கியது. முப்பத்திரண்டு எம்.பி. மெமரி! இன்று இரண்டு நிமிஷ வீடியோவுக்குப் போதாது. அன்று அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மாசக் கடைசியோடு கிளம்பலாம் என்றிருந்தார் முதலாளி.

டேட்டாபேஸுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்று ஓர் எண் கொடுக்கவேண்டும். டெர்மினல் வைத்த மேஜைகளை எண்ணினேன். நாற்பது. அதையே போட்டேன். இவ்வளவு பெரிய மெஷினிடம் போய்க் கஞ்சத்தனம் காட்டுவதா?

மற்ற நாளில் எட்டுப் பேர்தான் உட்கார்வார்கள், தப்பித்திருப்பேன். ஆனால் முதலாளிக்கு நல்ல நேரம் முக்கியம். பத்தரைக்குப் பூசணிக்காய் உடைத்ததும் நாற்பது பேரும் ஒன்றாக என்டர் தட்டவேண்டும் என்று உத்தரவு. தட்டினார்கள்.

மெமரி தீர்ந்துபோய், இடமில்லாததையெல்லாம் டிஸ்கில் வைப்பதும் எடுப்பதுமாக சர்வர் கடகடவென்று அல்லாடியது. நாற்பது திரையிலும் அசைவில்லை.

"இன்னா நைனா, சூடம் காட்ன கையோட படுத்துகிச்சு?" என்றார் ஃபோர்மேன். முதலாளி சுவர்க் காலண்டரில் மாசக் கடைசிக்கு எத்தனை நாள் என்று எண்ணினார்.

டெஸ்பாட்ச் கிளார்க் ஸ்டெல்லா மட்டும் பென்சிலோடு வந்து, ஒருத்தர் உள்ளே வந்தால் எவ்வளவு மெமரி பிடிக்கும் என்று கேட்டாள். சுமார் ஒரு எம்.பி. என்றேன். சிஸ்டத்துக்கும் டேட்டாபேஸுக்கும்? இருபது என்று சொல்லும்போதே கழித்தலில் கவிழ்ந்தது எனக்கே புரிந்துவிட்டது.

"அப்ப மிச்சம் பன்னெண்டுதானே கீது? ரெண்ட கைகாவலா வச்சுகினு பத்து போடுங்க."

போட்டு, சர்வரை மறுபடி கிளப்பினேன். பத்துப் பேர் உள்ளே. ஒருத்தர் முடித்து வெளியேறியதும் அடுத்தவர். அடேயப்பா! சாப்பாட்டு மணிக்குள் நாற்பது பேர் வேலையும் முடிந்தது. அதே பெட்டி, அதே மெமரி. வாயைப் பிளந்து நின்றேன். சர்வரைப் பார்த்தா, ஸ்டெல்லாவைப் பார்த்தா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

நிரந்தர ஆர்டரை நீட்டும்போது முதலாளி சொன்னது ஒன்றுதான்: "இனிமே அந்தப் பொண்ணக் கேக்காம எந்த நம்பரும் போடாத."

எங்கள் கல்யாணத்துக்கு எத்தனை பத்திரிகை அடிப்பது என்பதில் ஆரம்பித்து, இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். விசேஷத்துக்கு எத்தனை பேருக்குச் சமைக்க என்று சமையல்காரர் என்னைக் கேட்டால், என் மகள் குறுக்கே வந்துவிடுவாள்.

"அப்பா நம்பர் சொல்றதில்லண்ணா. அம்மா வரட்டும்."